சொல்லிக் கொடுக்காததைத் தேர்வில் கேட்கலாமா? ஃப்ளோரிடாவின் பள்ளிச் சான்றிதழ் வழக்கு

12 வருடம் பள்ளிக்குப் போயாயிற்று. எடுக்க வேண்டிய பாடங்களை எல்லாம் எடுத்து, ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணில் தேர்ச்சியும் பெற்றாயிற்று. ஆனால் மாநில அரசு வைத்த ஒரே ஒரு தேர்வில் தவறிவிட்டதால் சான்றிதழ் கிடையாது. இப்படிச் செய்ய ஓர் அரசுக்கு உரிமை உண்டா? 1978 அக்டோபரில் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் கறுப்பின மாணவர்கள் சிலர் இந்தக் கேள்வியோடு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்குப் போட்ட மாணவர்களில் ஒருவரான டெப்ரா பி., மாநிலக் கல்வி ஆணையர் டர்லிங்டன் ஆகியோர் பெயரால் 'டெப்ரா பி. எதிர் டர்லிங்டன்' என்று பெயர்பெற்ற அந்த வழக்கு ஐந்தரை ஆண்டுகள் இழுத்தது. பள்ளி முடிப்பதற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகளை எதிர்த்து அமெரிக்காவில் யார் வழக்குப் போட்டாலும் இன்றுவரை இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மாணவர்கள் பாதி வென்றார்கள், பாதி தோற்றார்கள். வென்ற பாதியைப் பற்றிச் சட்டக் கல்லூரிகளில் நிறையவே பேசப்படுகிறது. தோற்ற பாதி எப்படித் தோற்றது என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டமும் தேர்வும்

நம் பிளஸ் டூ போல எல்லோரும் ஒரே நாளில் எழுதும் பொதுத்தேர்வு அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமாக இருந்ததில்லை. நியூயார்க்கின் ரீஜென்ட்ஸ் தேர்வு போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை இன்னின்ன பாடங்களில் இத்தனை கிரெடிட் (ஒரு பாடத்தில் தேறினால் கிடைக்கும் புள்ளி) சேர்க்க வேண்டும் என்பதுதான் விதி. மதிப்பெண் போடுவது பாடம் நடத்திய ஆசிரியர். கிரெடிட் சேர்ந்துவிட்டால் டிப்ளமோ என்று அவர்கள் சொல்லும் பள்ளியிறுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

1970களில் இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை குறைந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் சராசரி மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. சான்றிதழோடு வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவத்தைக்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லை என்று முதலாளிகள் குறைப்பட்டார்கள். பாஸ் போட்டு அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்ற கோபம் பெற்றோரிடமும் வரி கட்டுகிறவர்களிடமும் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளையை 12ஆம் வகுப்பு வரை கொண்டுபோய் விடுவது அந்தப் பிள்ளைக்கே செய்யும் துரோகம். குறைந்தபட்சத் திறன் தேர்வு என்ற யோசனை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏதாவது ஒரு வடிவில் பரவிவிட்டது.

ஃப்ளோரிடா இதில் முந்திக்கொண்ட மாநிலம். ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ காலத்தில், 1976இல், கல்விப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. பள்ளி முடிக்க வெறும் கிரெடிட் போதாது; அடிப்படைத் திறன்களில் தேர்ச்சி வேண்டும்; அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான எழுத்தறிவும் எண்ணறிவும் இருப்பதை மாநிலக் கல்வி வாரியம் சொல்லும் வகையில் நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1978இல் திருத்தம் கொண்டுவந்து, தேர்வில் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்பதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

மாநில மாணவர் மதிப்பீட்டுத் தேர்வு, பகுதி 2 என்பது அந்தத் தேர்வின் பெயர். பிரின்ஸ்டனில் உள்ள இ.டி.எஸ். நிறுவனத்தின் உதவியோடு தயாரானது. மொழி, கணக்கு என்று இரண்டு பிரிவுகள். இரண்டிலும் சேர்த்து 24 திறன்கள். ஒவ்வொரு பிரிவிலும் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. காசோலை நிரப்புவது, இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுவது, தள்ளுபடி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்ப்பது, வட்டி கணக்கிடுவது போன்றவைதான் கேள்விகள். உதாரணத்துக்கு, 12 டாலர் சட்டைக்கு 4 சதவீத விற்பனை வரி சேர்த்தால் கடைக்காரரிடம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற வகை. விடை 12 டாலர் 48 சென்ட். 17 வயதுப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். சட்டத்தை ஆதரித்தவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

ஆனால் சதவீதக் கணக்கை உயர்நிலைப் பள்ளியில் யாரும் உட்கார்ந்து கற்பிப்பதில்லை. அது நடுநிலை வகுப்புப் பாடம். அது புரிய வேண்டுமென்றால் பெருக்கலும் பின்னமும் கைவந்திருக்க வேண்டும்; அவை மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடங்கள். ஆகவே 11ஆம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வு உண்மையில் சோதிப்பது, ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கிடைத்தது என்பதை.

1977 இலையுதிர் காலத்தில் 11ஆம் வகுப்பு மாணவர்கள் முதல்முறையாக இதை எழுதினார்கள். 1979இல் பள்ளி முடிக்க வேண்டிய அணி அது. கறுப்பின மாணவர்களில் 78 சதவீதம் பேர் ஒரு பிரிவிலோ இரண்டிலுமோ தவறினார்கள். வெள்ளையின மாணவர்களில் தவறியவர்கள் 25 சதவீதம். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்த பிறகும், 12ஆம் வகுப்பில் இருந்த கறுப்பின மாணவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் தேறவில்லை. வெள்ளையினத்தவரில் அது 1.9 சதவீதம். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

தேறாதவர்களுக்கு டிப்ளமோவுக்குப் பதில் 'பள்ளிப் படிப்பை நிறைவுசெய்தவர்' என்று ஒரு சான்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. டிப்ளமோ கேட்கும் அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் முதலாளிகள் கண்ணில் அது தோற்றதற்கான சான்று. வேறு எதற்கும் பயன்படாது.

1967இல் ஒன்றாம் வகுப்பு

வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1979இல் பள்ளி முடிக்க வேண்டிய பிள்ளை 1967இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொல்லி அப்போது 13 வருடங்கள் ஆகியிருந்தன. ஃப்ளோரிடாவில் நடைமுறை மாறவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. கட்டடம், நூலகம், பாடப்புத்தகம் என எல்லாவற்றிலும் கறுப்பினப் பள்ளிகள் தாழ்ந்த நிலையில்தான் வைக்கப்பட்டிருந்தன என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் ஒருங்கிணைப்பு கோரி 1958இலேயே வழக்குப் போட்டிருந்தார்கள். முழுமையான ஒருங்கிணைப்புக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது 1971இல். அந்த வருடம்தான் பேருந்துகளில் பிள்ளைகளை ஊர் மாற்றி ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள்.

அந்த ஒருங்கிணைப்பிலும் சுமை கறுப்பினத்தவர் தலையிலேயே விழுந்தது. டாம்பாவின் கறுப்பினச் சமூகம் பெருமையாக வைத்திருந்த மிடில்டன், பிளேக் என்ற இரண்டு உயர்நிலைப் பள்ளிகளும் அந்தத் தகுதியை இழந்து கீழ்வகுப்புப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. பிள்ளைகள் தங்களை வரவேற்காத பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே போன பிறகும், மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனி வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் அவர்களுடைய எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு அதிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். வாசிக்கப் பின்தங்கிய பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் அப்புறம் காசோலை நிரப்பவோ வட்டி கணக்கிடவோ யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

1979 அணிப் பிள்ளைகளின் கணக்கு இப்படி வருகிறது: ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பிரிவினைப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில் திடீரென்று புதுப் பள்ளி, புது ஆசிரியர், பகை நிறைந்த சூழல், 11ஆம் வகுப்பில், வெள்ளையினப் பிள்ளையோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே வினாத்தாள். தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்துக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த வழக்கத்துக்கு 1965இல்தான் வாக்குரிமைச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அது முடிந்து 12 வருடங்களில் பிள்ளைகளுக்கு இன்னோர் எழுத்தறிவுத் தேர்வு வந்தபோது, பெற்றோர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

முதல் தீர்ப்பு

டாம்பாவின் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பும், ஹார்வர்டில் இயங்கிய சட்டம் மற்றும் கல்வி மையமும் மாணவர்களுக்காக வாதாடின. எதிர்த்தரப்பில் மாநிலக் கல்வி ஆணையர் ரால்ஃப் டர்லிங்டன். ஹில்ஸ்பரோ மாவட்டப் பள்ளி நிர்வாகமும் சேர்க்கப்பட்டிருந்தது. தேர்வில் தவறிய, இனி தவறப்போகிற ஃப்ளோரிடாவின் 12ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோர் சார்பிலும் வழக்கு நடக்க நீதிமன்றம் அனுமதித்தது. இதனால், தேர்வில் தவறிய வெள்ளையினப் பிள்ளைகளும் வழக்கின் பயனுக்கு உரியவர்கள் ஆனார்கள்.

நீதிபதி ஜார்ஜ் கார் 1979 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தார். தேர்வே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வினாக்கள் இனச்சார்பு கொண்டவை என்ற வாதத்தை ஏற்கவில்லை. தேர்வு முடிவை வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து, கூடுதல் வகுப்பு நடத்துவதையும் தடுக்கவில்லை. சான்றிதழை மறுப்பது மட்டும் இப்போது கூடாது என்றார். இரண்டு காரணங்கள். முதலாவது, கால அவகாசம். எதெதில் தேர்வு என்ற விவரம் பள்ளிகளுக்குத் தெரிந்ததற்கும் தேர்வு நடந்ததற்கும் இடையே சுமார் 13 மாதங்கள்தான் இருந்தன. 12 வருடப் படிப்பின் பலனை அந்த அவகாசத்தில் பணயம் வைக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம் உறுதியளிக்கும் உரிய நடைமுறை இது இல்லை. இரண்டாவது, அரசே நடத்திய பிரிவினைப் பள்ளிகளால் பின்தங்கிப்போன பிள்ளைகளை அந்தப் பின்தங்கலுக்காகவே அரசு தண்டிப்பது, பழைய பாகுபாட்டை நீட்டிப்பதாகும்.

தடை 1982–83 கல்வியாண்டு வரை. காரணம் எளிது. 1971இல், ஒருங்கிணைந்த பள்ளியில், ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த பிள்ளை 12ஆம் வகுப்பு முடிப்பது 1983இல். பிரிவினைப் பள்ளியின் வாசலையே மிதிக்காத முதல் அணி வரும்வரை அரசு காத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வருடம் வருடமாக எண்ணிப் பார்த்து ஒரு சட்டத்தின் அமலாக்கத் தேதியை முடிவுசெய்த தீர்ப்பு இது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சட்டம் இயற்றுகிறவர்கள் நிதியாண்டையும் தேர்தலையும் பார்த்துத் தேதி குறிப்பார்கள். கார், ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்துத் தேதி குறித்தார்.

மேல்முறையீட்டில் எழுந்த கேள்வி

அரசு மேல்முறையீடு செய்தது. ஐந்தாவது சுற்று (சில மாநிலங்கள் சேர்ந்த ஒரு வட்டாரம்) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு 1981 மே மாதம் வந்தது. எழுதியவர் நீதிபதி பீட்டர் ஃபே. அவர் காரின் தீர்ப்பை உறுதிசெய்ததோடு நிற்காமல் ஒரு படி மேலே போனார்.

மாணவருக்குச் சான்றிதழின் மேல் உள்ள எதிர்பார்ப்பு வெறும் ஆசை இல்லை, சட்டம் காக்கும் உடைமை போன்றது என்றது அந்தத் தீர்ப்பு. பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அரசு. வந்து, பாடங்களில் தேறினால் சான்றிதழ் என்று காலம் காலமாக நடத்திவந்ததும் அரசு. அதை நம்பி வந்த பிள்ளையிடமிருந்து சான்றிதழைப் பறிப்பதானால் நியாயமான முறையில்தான் பறிக்க முடியும். இந்த வாதத்துக்கு அடித்தளம், ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் மாணவர்களை விசாரிக்காமல் இடைநீக்கம் செய்தது பற்றி 1975இல் உச்சநீதிமன்றம் சொன்ன கோஸ் எதிர் லோபஸ் தீர்ப்பு.

சரி, எது நியாயமான முறை? வகுப்பில் நடத்தியதைத் தேர்வில் கேட்பது. நடத்தாததைக் கேட்டுத் தோற்கடிப்பது நியாயம் இல்லை. போர்ஷனில் இல்லாததைக் கேட்டுவிட்டார்கள் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் தேர்வு முடிந்து வந்து குமுறுவார்களே, அந்தக் குமுறலுக்கு அரசியல் சாசன மதிப்புக் கொடுத்த தீர்ப்பு அது. அதைவிட முக்கியம், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது. கற்பிக்கவில்லை என்று பிள்ளை நிரூபிக்க வேண்டியதில்லை. கற்பித்தோம் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். அதுவரை ஒருவருக்கும் சான்றிதழை மறுக்கக் கூடாது. இதற்கான ஆதாரம் பதிவில் இல்லாததால் வழக்கு மறுபடி காரிடமே போனது. பிரிவினையின் மிச்சங்கள் இன்னும் கறுப்பின மாணவர்களின் தோல்விக்குக் காரணமா என்றும் ஆராயச் சொன்னார்கள்.

இந்தச் சிந்தனையைச் சட்ட அறிஞர் மெர்ல் மெக்ளங் 1970களின் கடைசியில் தன் கட்டுரைகளில் விரிவாக எழுதியிருந்தார். அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். தேர்வில் கேட்பது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. பாடத்திட்டத்தில் இருப்பதை வகுப்பறையில் உண்மையாகவே கற்பித்தார்களா என்பது வேறொன்று. முதலாவதை மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே கோப்புகளைப் புரட்டிச் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல வகுப்பறைக்குள் போக வேண்டும்.

47,000 ஆசிரியர்களின் பதில்

அரசு, லாஸ் ஏஞ்சலிஸில் தேர்வியல் அறிஞர் ஜேம்ஸ் பாஃபம் நடத்திவந்த நிறுவனத்தை அமர்த்தி ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. மாநிலத்தின் சுமார் 65,000 ஆசிரியர்களுக்கு வினாத்தாள் போனது. சுமார் 47,000 பேர் பதில் எழுதினார்கள். 24 திறன்களில் எதையெல்லாம் கற்பித்தீர்கள் என்பது கேள்வி. 67 பள்ளி மாவட்டங்களும் தங்கள் பாடத்திட்டத்தில் எந்தத் திறன் எந்த வகுப்பில் வருகிறது என்று அறிக்கை கொடுத்தன. அந்த அறிக்கைகளைச் சரிபார்க்கக் குழுக்கள் மாவட்டங்களுக்குச் சென்றன. கடைசியாக 11ஆம் வகுப்பு மாணவர்களிடமே கேட்டார்கள்: இந்தத் திறனை உங்களுக்குப் பள்ளியில் கற்பித்தார்களா? திறனைப் பொறுத்து 90 முதல் 99 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள்.

மாணவர்கள் தரப்பில் ராபர்ட் லின், ராபர்ட் கால்ஃபி என்ற இரு பெரும் அளவியல் அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் தரப்பு எதிர்வாதம் இதுதான்: ஆய்வு ஒரு கல்வியாண்டைத்தான் பார்க்கிறது, 1983 அணிப் பிள்ளைகள் கடந்துவந்த 12 வருடங்களைப் பார்க்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கற்பித்தேன் என்று எழுதினால், எவ்வளவு ஆழமாகக் கற்பித்தார், தேர்வில் தவறிய பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்களா என்பது தெரியாது. இதோடு நான் ஒன்று சேர்ப்பேன். கற்பிக்கவில்லை என்று எழுதுவது ஓர் ஆசிரியர் தன்மேலேயே புகார் எழுதிக் கொடுப்பது போல. கேட்பவர் சம்பளம் கொடுக்கும் அரசு. அப்படிப்பட்ட படிவத்தில் வரும் ஆமாம்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

1983 மே மாதம், பட்டமளிப்பு விழாக்களுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கார் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார். அவர் வகுத்த அளவுகோலைத்தான் நான் வழக்கின் திருப்புமுனையாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாணவரையும் 12 வருடம் பின்தொடர்ந்து சரிபார்ப்பது நடக்காத காரியம். அந்தத் திறன்கள் அதிகாரபூர்வப் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலான ஆசிரியர்கள் அவற்றைத் தாங்கள் கற்பிக்க வேண்டியவை என்று உணர்ந்திருக்க வேண்டும், அது போதும் என்றார். கற்பிக்க வேண்டியது என்று ஆசிரியர் உணர்வதும் பிள்ளைக்கு அது கற்பிக்கப்படுவதும் ஒன்றல்ல. மெக்ளங் பிரித்துவைத்த இரண்டும் இங்கே கலந்து, இரண்டாவது முதலாவதற்குள் கரைந்துபோனது.

நீதிபதியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1977க்கும் 1983க்கும் இடையே கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி உண்மையிலேயே பெரிய அளவில் உயர்ந்திருந்தது. அரசு துணை வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கியது. 10ஆம் வகுப்பிலிருந்து 12க்குள் ஐந்து முறை தேர்வு எழுதலாம். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 1979இல் இருந்த அநீதி 1983இல் அதே அளவில் இல்லை. காரின் தடை வாங்கித் தந்த நான்கு ஆண்டுகள்தான் இதற்கு இடம் கொடுத்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் 1983இல் சான்றிதழ் இழக்கும் நிலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகள்தான். நீதிமன்றத்தின் முன்னால் இருந்தது அவர்களுடைய வழக்கு. ஆய்வு சொன்னதோ மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளையும் பற்றிய சராசரி. நூற்றுக்கு 90 பிள்ளைகள் எங்களுக்குக் கற்பித்தார்கள் என்று சொன்னால் மீதி 10 பேர் யார்? தேர்வில் தவறியவர்கள் அந்தப் பத்துப் பேரில்தான் இருக்கிறார்களா? தனி வகுப்பில் உட்கார வைக்கப்பட்டவர்களா, இடைநீக்கத்தில் வாரக்கணக்காக வீட்டில் இருந்தவர்களா, பாதி வருடம் நிரந்தர ஆசிரியரே இல்லாத வகுப்பில் இருந்தவர்களா? எல்லா மாணவர்களையும் 12 வருடம் பின்தொடர முடியாது என்பது சரி. தவறியவர்கள் சில ஆயிரம் பேர். 67 மாவட்டங்களில் பரவியிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருடைய பள்ளிப் பதிவேட்டையும் எடுத்து, எந்த வருடம் எந்த வகுப்பில் யாரிடம் படித்தார்கள் என்று பார்ப்பது நடக்காத காரியம் இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 1981இல் சொன்ன பிறகு, 1983இல் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

1984 ஏப்ரலில், அதற்குள் ஐந்தாவது சுற்றிலிருந்து தனியாகப் பிரிந்திருந்த பதினோராவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் காரின் தீர்ப்பை உறுதிசெய்தது. பிரிவினையின் மிச்சங்கள் பள்ளிகளில் இன்னும் இருக்கலாம், ஆனால் தேர்வில் தவறுவதற்கு அவை காரணம் என்று சொல்ல முடியாது. சான்றிதழை மறுக்கும் தண்டனை இருப்பதே அந்த மிச்சங்களைப் போக்க உதவும் என்றார்கள். தண்டனைக்குப் பயந்து பள்ளியும் பிள்ளையும் முயல்வார்கள் என்ற கணக்கு. பள்ளிகளைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் தண்டனை விழுவது பள்ளியின் மேல் அல்ல. வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் 18 வயதுப் பிள்ளையின் மேல்.

பிறகு வந்த வழக்குகளும் சட்டங்களும்

டெப்ரா பி. இரண்டு விதிகளை விட்டுச் சென்றது: போதிய முன்னறிவிப்பு வேண்டும், கற்பித்ததைத்தான் கேட்க வேண்டும். இல்லினாய்ஸின் பியோரியாவில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் தொடுத்த புருக்ஹார்ட் வழக்கில், ஒன்றரை ஆண்டு அவகாசம் போதாது என்று 1983இல் முன்னறிவிப்பு விதி அவர்களைக் காத்தது. கற்பித்ததைத்தான் கேட்க வேண்டும் என்ற விதிக்கு அவ்வளவு வலு இருக்கவில்லை. டெக்சஸின் மாநிலத் தேர்வில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் அதிகம் தவறுவதை எதிர்த்த ஜி.ஐ. ஃபோரம் வழக்கில், 2000 ஜனவரியில் நீதிபதி எட்வர்ட் பிராடோ தேர்வு செல்லும் என்றார். பாடத்திட்டமும் தேர்வும் பொருந்துகின்றன என்பதே போதுமான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1983இல் தாழ்ந்த அளவுகோல் அப்படியே நின்றுவிட்டது.

நீதிமன்றங்கள் செய்யாததைப் பின்னால் சட்டமன்றங்களும் வாக்காளர்களும் செய்தார்கள். கலிஃபோர்னியா 1999இல் பள்ளி முடிக்கத் தேற வேண்டிய ஒரு தேர்வைச் சட்டமாக்கியது. 2004 அணியிலிருந்து அமல் என்று இருந்ததை, பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போதிய அவகாசம் இருந்ததா என்று ஆய்வு நடத்திய பிறகு, 2006க்குத் தள்ளிவைத்தார்கள். டெப்ரா பி.யின் பாடத்தை வழக்கு வருவதற்கு முன்பே கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 2015இல் அந்தத் தேர்வையே நிறுத்தி, மற்ற நிபந்தனைகளை நிறைவேற்றி இந்தத் தேர்வில் மட்டும் தவறியவர்களுக்குப் பின்னோக்கிச் சான்றிதழ் கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். மாசசூசெட்ஸில் 2003 அணி முதல் கட்டாயமாக இருந்த தேர்வை 2024 நவம்பரில் பொது வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் பேர் நீக்கினார்கள். ஒரு காலத்தில் நாட்டின் பாதி மாநிலங்களில் இருந்த நிபந்தனை இப்போது பத்துக்கும் குறைவான மாநிலங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஃப்ளோரிடா அதில் ஒன்று. 24 கிரெடிட்டுகளோடு 10ஆம் வகுப்பு ஆங்கிலத் தேர்விலும் முதலாம் அல்ஜீப்ரா தேர்விலும் தேற வேண்டும், அல்லது எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுகளில் ஈடான மதிப்பெண் காட்ட வேண்டும்.

தேர்வை வைத்துக்கொண்டே தனித்தனிப் பிள்ளையைப் பார்க்கும் வழியை முயன்றது டெக்சஸ். 2015 முதல் அங்கே, பாட இறுதித் தேர்வுகள் ஐந்தில் அதிகபட்சம் இரண்டில் தவறிய மாணவருக்குத் தனியாக ஒரு குழு கூடும். தலைமையாசிரியர், பாட ஆசிரியர், துறைப் பொறுப்பாளர், பெற்றோர் ஆகியோர் உட்கார்ந்து, இந்தப் பிள்ளையைத் தேர்ச்சி பெறச் செய்யலாமா என்று முடிவெடுப்பார்கள். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். காலவரையறையோடு வந்த சட்டம் பிறகு நிலையாகிவிட்டது. 1983இல் காரிடம் நான் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட இதுதான். ஒரு குறை மட்டும் இருக்கிறது. குழு பார்க்க வேண்டியவை என்று சட்டம் பட்டியலிடுபவை பிள்ளையின் மதிப்பெண், வருகை, துணை வகுப்பில் உட்கார்ந்த நேரம், கூடுதலாகச் செய்த வேலை போன்றவை. எல்லாம் பிள்ளை என்ன செய்தது என்பது பற்றி. தவறிய பாடத்தைப் பள்ளி இந்தப் பிள்ளைக்கு எந்த வருடம், எந்த வகுப்பில், எந்த ஆசிரியரை வைத்துக் கற்பித்தது என்று தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்திட வேண்டிய ஒரு வரியை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1981 தீர்ப்பு கேட்ட நிரூபணம் அந்த ஒரு வரிதான்.